சாவியில் காய்ந்த சந்தனம்

அன்புள்ள அம்மாவுக்கு,

இன்று ஆபீசுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகப் பல்குச்சியால் சந்தனம் சுரண்டினேன். சிரிக்காதீர்கள். உங்கள் முட்டிவலி தேவலையா?

எங்கள் மென்பொருளுக்கு முத்திரை வைக்கும் ரகசியச் சாவி ஒரு பென்டிரைவில் இருக்கிறது; அது இல்லாமல் எதையும் வெளியே அனுப்ப முடியாது. அது மேனேஜர் தனபாலின் கம்ப்யூட்டரில்தான் செருகியிருக்கும். வேறு யாரும் தொடக்கூடாது. ஆயுத பூஜை முடிந்ததிலிருந்து, நாங்கள் எழுதுவதை மென்பொருளாக்கும் கம்பைலர், 'சாவியைக் காணோம்' என்றே பிழை காட்டியது. அவர் எல்லோர் முன்னாலும், "ஏனுங்க மேடம், முடியலைன்னா ஊட்ல இருக்கலாமில்லீங்க?" என்றார். கோயம்புத்தூரில் அவமானத்தைக்கூட மரியாதையோடுதான் பரிமாறுகிறார்கள்.

பூஜையில் பென்டிரைவின் மூடியைக் கழற்றி, முனை நிறையச் சந்தனம் அப்பியவர் அவரேதான். இன்று அவர் வருமுன் நானே உருவிப் பார்த்தேன். சுரண்டிச் செருகியதும் பிழை போய்விட்டது.

அவர் வந்ததும் சொன்னேன். "சாமிக்கு வெச்ச சந்தனத்தையா சுரண்டிப்போட்டீங்க? பாவமுங்க!" என்றார். வாடிக்கையாளருக்கு அவர் அனுப்பிய மெயிலிலோ, மென்பொருள் தாமதமானது என் தவறாம். இந்த மூளைக்குத் தனி அறை, ஏசி வேறு.

நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்புங்கள். ஹாஸ்டலில் தனியாக உட்கார்ந்தால் சோறு இறங்குவதில்லை. கூரியர்க்காரர் காத்திருக்கிறார், முடிக்கிறேன்.

இன்னும் யாருக்கும் தெரியாது: நடந்ததை அப்படியே நாளை வாடிக்கையாளருக்கு என் பெயரில் எழுதிவிட்டு, வேலையை விடுகிறேன்.

உங்கள்
பகவதி