மஞ்சள் லென்ஸ்

இன்று கடை இழுப்பறையைத் துப்புரவாக்கியபோது பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம் கிடைத்தது. பிரித்தால் உன் மஞ்சள் லென்ஸ். ஓரத்தில் அதே கீறல். கண்ணருகே பிடித்துப் பார்த்தேன். பரமக்குடி வெயிலில் தெருவைப் பார்க்கக் கண் கூசியது. இது வெயிலுக்கு ஆனதில்லை என்று நீதான் முதலில் சொன்னாய்.

துபாயில் பாலைவனத்துக்கு நடுவே, ஒரு மாலுக்குள் பனிமலை கட்டியிருந்த காலம் அது. நீ உள்ளே கம்பளிக் கோட்டுப் போட்டு, பனியில் சறுக்கி விழுந்தவர்களைத் தூக்கிவிடும் வேலையில். நான் வெளியே விளையாட்டுச் சாமான் கடையில், பனிச்சறுக்குக்குப் போடும் கண்ணாடி கவுண்டரில். இரவு சாப்பாடு சத்வா பகுதியில் நாம் தங்கிய ரூமில், ஒரே சட்டியில்.

என் கவுண்டருக்கு வந்தவர்கள் எல்லோரும் கறுப்புக் கண்ணாடிதான் கேட்டார்கள். வெயிலிலேயே கிடந்த ஊர். கண்ணாடி என்றாலே கறுப்புத்தான். உள்ளே வெளிச்சம் மங்கல் என்பதை யாரும் யோசிக்கவில்லை, விற்ற நானும் சேர்த்து. இருட்டாக இருந்தால் உசத்தி என்று நினைத்திருந்தேன்.

பெருநாளுக்கு உனக்கும் அப்படி ஒன்று தந்தேன். டிஸ்பிளேயில் இருந்தது, கறுப்பின் மேல் பாதரசம் பூசியதுபோல் மின்னும். மேனேஜரைக் கேட்காமல் எடுத்தது.

"உள்ள ஏது மாப்ள வெயிலு? மஞ்சள்தான் மேடு பள்ளத்தக் காட்டும்" என்றாய்.

"போட்டுப் பாரு, மாப்பிள்ளைக் களை வந்துரும்" என்றேன். நான் கொடுத்ததற்காகவே மறுநாள் டூட்டிக்குப் போட்டுப் போனாய்.

அன்று ஏதோ நிகழ்ச்சிக்காக உள்ளே பாதி விளக்கை அணைத்திருந்தார்கள். ஒரு பெண் விழுந்தாள் என்று இறங்கி ஓடிய நீ, முன்னால் இருந்த மேட்டைப் பார்க்கவில்லை. உன் மணிக்கட்டு முறிந்தது. சேதி கேட்டு நான் ஓடி வந்தபோது சூப்பர்வைசர் அந்தக் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து, "யே கிஸ்கா ஹை?" என்று, யாருடையது எனக் கேட்டார்.

"மேரா ஹை, பாய்" என்று, உன்னுடையது எனச் சொன்னாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறந்தால் என் வேலை போகும். திறக்கவில்லை.

கம்பெனி கொடுத்த மஞ்சள் கண்ணாடியைப் போடாதது உன் கவனக்குறைவு என்று எழுதி, விசாவை கேன்சல் பண்ணினார்கள். ஏர்போர்ட்டில் கட்டுப் போட்ட கையோடு, அந்த மஞ்சள் கண்ணாடியிலிருந்து கழற்றி வைத்திருந்த இந்த லென்ஸைத் தந்தாய். "கஸ்டமருக்குக் காட்டு. நீயும் ஒரு தடவ உள்ள போய்ப் பாரு."

போய்ப் பார்த்தேன். பனியில் ஒவ்வொரு மடிப்பும் தனித்தனியாகத் தெரிந்தது. நீ விழுந்த மேடும் தெரிந்தது, முழங்கால் உயரம்கூட இல்லை. அதைப் பற்றி உனக்கு எழுத நினைத்து எழுதாமலே விட்டேன். கோழைத்தனம், வேறொன்றுமில்லை.

போன மாதம் கீழக்கரையிலிருந்து, அண்ணன் உன்னைக் காக்கா என்று கூப்பிடும் உன் தம்பி போன் பண்ணி நீ இறந்த சேதியைச் சொன்னான். "காக்கா மவுத்தாயிட்டாக, அண்ணே. நெஞ்சு வலிதான்." கொஞ்ச நேரம் பேசிவிட்டு, அவனிடம் சொன்னேன்: "தம்பி, அந்தக் கறுப்புக் கண்ணாடி நான் கொடுத்தது."

"தெரியும்ணே. காக்கா வந்த அன்னைக்கே சொல்லிட்டாக. அவனா சொல்ற வரைக்கும் யாரும் கேக்கப்படாதுன்னாக."

இத்தனை வருஷமும் நீ காத்திருந்திருக்கிறாய்.

இப்போது என் கடைக்குக் கூலிங்கிளாஸ் வாங்க யார் வந்தாலும் "எங்க போடப் போறீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுத்துக் காட்டுகிறேன். சிரிக்கிறார்கள். பதில் வரும்வரை கண்ணாடியைக் கையில் தருவதில்லை.