பூஜ்யம் போட்ட கட்டம்

சத்தியவேடு
ஜூன் 12, வெள்ளிக்கிழமை

அன்புள்ள பிரித்திகா,

இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன், மீதியைப் படிக்கும்போது உனக்கு அப்படித் தோன்றாமல் போகலாம். நீ ஜெர்மனியில் வேளைக்குச் சாப்பிட்டு, பாடமும் ஆராய்ச்சியுமாக நல்லபடி இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

உன் மெசேஜ் வந்து இருபத்து மூன்று நாள் ஆகிறது. "என்னடி, உயிரோட இருக்கியா, இல்ல இப்பவே பெரிய சயின்டிஸ்ட் ஆயிட்டியா" என்று நீ பேசி அனுப்பியதை அத்தையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். எங்கள் வீட்டில் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்பார்கள். அதனால்தான் பேசாமல் காகிதத்தில் எழுதுகிறேன். திருப்பதி ஹாஸ்டலில் ரூமில் இருந்த தெலுங்குப் பெண்களுக்குப் புரியக்கூடாது என்று நாம் தமிழில் சீட்டு எழுதிக்கொள்வோமே, அதே தந்திரம்தான். வீட்டுக்காரர் ரகு தமிழ் பேசுவாரே தவிர, படித்தது முழுக்கத் தெலுங்கு மீடியம். தமிழில் பஸ் போர்டைக்கூட எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அத்தைக்கு எந்த எழுத்தும் தெரியாது. காலேஜ் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருக்கிறேன். அட்மிஷன் வேலை என்று கூப்பிட்டார்கள், காலையிலிருந்து ஒரு பிள்ளைகூட வரவில்லை. எழுதி முடித்ததும் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பிவிட்டுக் காகிதத்தைக் கிழித்துவிடுவேன்.

நீ கேட்டது ஒரே கேள்வி. வருகை ஆய்வாளர் இடம் கிடைத்தும் ஒப்பந்தத்தில் ஏன் இன்னும் கையெழுத்துப் போட்டு அனுப்பவில்லை என்று. பத்தொன்பதாம் தேதி தாண்டினால் வரிசையில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும் என்றும் சொல்லியிருந்தாய். தெரியும். ஒன்பது மாதம், வாரத்துக்கு ஒரு வகுப்பு எடுத்தால் போதும், மற்ற நேரமெல்லாம் என் பழவேற்காட்டு ஏரிப் பாசிக்கும் அவர்களுடைய மைக்ரோஸ்கோப்புக்கும்தான். இங்கே ஒரு கான்ட்ராக்ட் லெக்சரருக்கு இப்படி ஒன்று இரண்டாம் முறை வராது. அதுவும் தெரியும். ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு, யஸ்வந்த் என்று எனக்கு ஒரு பிள்ளை இருப்பதே தெரியாது, பிரித்தி.

நான் சொல்லியிருப்பேன் என்றுதான் நீ நினைத்திருப்பாய். சொல்லவில்லை. விண்ணப்பம் நிரப்பியபோது எனக்கு மூன்றாம் மாதம். உடன் வரும் பிள்ளைகள் எத்தனை பேர், பயணத்துக்குள் பிள்ளைப்பேறு எதிர்பார்த்தால் அதையும் சேர்த்துக் குறிக்கவும் என்று ஒரு கட்டம் இருந்தது. அதற்கு முந்தைய வருஷம் நடந்தது உனக்குத் தெரியும். அப்போது மூன்றாம் மாதமே காலேஜில் லீவு ஃபாரம் எழுதிக் கொடுத்திருந்தேன், பிரசவத் தேதியெல்லாம் போட்டு. நாலாம் மாதம் எல்லாம் போயிற்று. அந்த ஃபாரத்தைத் திரும்ப வாங்க நானேதான் ஆபீசுக்குப் போனேன். கிளார்க் துர்காதேவி மேடம் ஒரு வார்த்தை கேட்காமல் மடித்துக் கையில் கொடுத்தார்.

அன்றைக்கு அத்தை சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "வயித்துல இருக்கறத யாராவது காயிதத்துல எழுதிக் குடுப்பாங்களா? கைக்கு வந்தப்புறம் எழுதிக்கணும். தொட்டில்கூட நம்ம வூட்ல முன்னாடியே வாங்கறதில்ல" என்றார்கள். திட்டவில்லை, அழுதுகொண்டே சொன்னார்கள். தாவரவியலில் டாக்டர் பட்டம் வாங்கியவள் நான், இதைத் தள்ளிவிட்டிருக்க வேண்டும். முடியவில்லை. அடுத்த முறை அந்தக் கட்டம் முன்னால் வந்தபோது கை தானாகவே பூஜ்யம் போட்டது.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. போன வருஷம் பிப்ரவரியில் நேர்காணல், வீடியோவில். எனக்கு ஏழாம் மாதம். திரையில் கழுத்துவரைதான் தெரியும். மேஜைக்குக் கீழே அவன் உதைத்துக்கொண்டே இருந்தான். உங்கள் துறைத் தலைவர் மார்த்தா அம்மா எவ்வளவு அன்பாகக் கேட்டார் தெரியுமா, குடும்பத்தோடு வருவீர்களா, தனியாகவா என்று. தனியாக என்றேன். அப்புறம் தேர்வான கடிதம் வந்தபோது அவன் இரண்டு மாதக் குழந்தை. காலேஜ் வேலை இருக்கிறது, அடுத்த வருஷம் அக்டோபரில் வருகிறேன் என்று எழுதினேன். அவன் பெயரைச் சொல்ல அதுதான் நல்ல சமயம். அப்போதும் விட்டுவிட்டேன். ஒன்றை மறைக்க இன்னொன்று என்று மூன்று பொய் ஆகிவிட்டது. இப்போது ஒப்பந்தத்தின் கடைசியில், விண்ணப்பத்தில் சொன்னது அத்தனையும் உண்மை என்ற வரிக்குக் கீழே கையெழுத்துக் கேட்கிறார்கள். விருந்தினர் விடுதியில் எனக்கு ஒருவர் தங்கும் அறை. குழந்தைகளுக்கு அனுமதி இல்லை என்று அதிலேயே போட்டிருக்கிறது.

ரகுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஷிப்ட் முடிந்து வந்து பனியனோடு உட்கார்ந்து கேட்டார். "பரவாலேது. சைபர் போட்டது போட்டதாவே இருக்கட்டும். நீ போய்ட்டு வா. அம்மா பாத்துக்கினு இருப்பாங்க" என்றார். நான் ஏதோ கேஸ் சிலிண்டர் புக் பண்ண மறந்துவிட்டதுபோல அவ்வளவு லேசாகச் சொன்னார். அத்தையும் அதேதான். "ஒம்போது மாசம் இன்னா பெரிசு? எம்புள்ள மஸ்கட்டுக்குப் போயி மூணு வருஷம் இருந்துக்கினு வரல?" என்கிறார்கள். யாராவது போகாதே என்றால் சண்டை போடலாம். வீடே சேர்ந்து வழியனுப்பக் காத்திருக்கும்போது நான் யாரோடு சண்டை போடுவது?

மே மாதம் நடந்ததை உனக்குச் சொல்லவில்லை. யஸ்வந்துக்குக் காய்ச்சல் வந்தது. மாத்திரை கொடுத்தும் இறங்காமல் நூற்று நான்கு டிகிரிக்குப் போயிற்று. திடீரென்று கை கால் விறைத்து, கண் மேலே செருகிக்கொண்டது. பக்கத்து வீட்டுக் காரில் நாகலாபுரம், புத்தூர் வழியாகத் திருப்பதிக்கு ஓடினோம். வழியெல்லாம் மாம்பழக் கூழ் ஃபாக்டரிக்குப் போகும் மாங்காய் லாரிகள், ஒன்றுகூட வழி விடவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் நோட்டில் எழுதிக்கொண்டே, மொத்தம் எத்தனை பிள்ளைகள் என்று தெலுங்கில் கேட்டார். ரகுதான் "ஒக்கடே" என்றார். ஒருவன்தான் என்று. எனக்குக் கண் முன்னால் அந்தக் கட்டம் நின்றது. எனக்குப் பிள்ளை இல்லை என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேனே, அது நடந்துவிடப் போகிறதா என்று.

ஒன்றும் இல்லை. இந்த வயதில் காய்ச்சலோடு சில குழந்தைகளுக்கு வருவதுதான் என்று டாக்டர் சொல்லி மறுநாளே அனுப்பிவிட்டார். ஓடுகிறான், மண்ணை எடுத்துத் தின்கிறான். ஆனால் அவன் நெற்றி கொஞ்சம் சுட்டாலும் தெர்மாமீட்டரைத் தேடி ஓடுகிறேன். எழுதினால் போய்விடும் என்று பயந்து எழுதாமல் விட்டேன். இப்போது எழுதாமல் விட்டதற்காகப் போய்விடுமோ என்று பயப்படுகிறேன். இதை யாரிடம் சொல்வது? வகுப்பில் பிள்ளைகளிடம் ஆதாரம் இல்லாமல் எதையும் நம்பாதீர்கள் என்று சொல்பவள் நான்.

ஜூன் 13, சனிக்கிழமை

நேற்று பாதியில் நிறுத்திவிட்டேன். துர்காதேவி மேடம் வந்து எதிரே உட்கார்ந்துகொண்டார். ஸ்டாஃப் ரூமில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர். "இன்னா மேடம், பக்கம் பக்கமா எழுதிக்கினு கீறீங்க, லவ் லெட்டரா?" என்றார். ஆமாம் என்றேன். "வூட்டுக்காரருக்கா, வேற யாருக்காச்சுமா?" என்று விடாமல் கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார். நானும் சிரித்தேன். சிரித்து எத்தனையோ நாளாகிவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது.

சொல்ல வந்ததை எழுதாமல் மற்ற எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதோ எழுதுகிறேன்.

போன வாரம் திருப்பதியில் ஐந்து நாள் மைக்ரோஸ்கோப் பயிற்சி. ஒத்திகை மாதிரி இருக்கட்டும், பையன் உன்னை விட்டு இருக்கிறானா என்று பார்த்துவிடலாம் என்று ரகு சொன்னார். அதற்கு ஒரு வாரம் முன்பே அத்தை வேப்பிலையை அரைத்துக் கொடுத்து, தடவிக்கொள்ளச் சொல்லிப் பாலை மறக்கடித்தார்கள். முதல் நாள் ராத்திரி அழுதானாம். இரண்டாம் நாள் கொஞ்சம் சிணுங்கினானாம். நான் ஹாஸ்டல் பாத்ரூமில் பால் கட்டி வலியோடு நின்று அழுதேன். இதெல்லாம் எதிர்பார்த்ததுதான்.

மூன்றாம் நாள் பத்து மணிக்கு மைக்ரோஸ்கோப்பில் உட்கார்ந்தேன். சூளூர்பேட்டைப் பக்கம் ஏரியில் நான் எடுத்துவைத்திருந்த தண்ணீர். நாலு வருஷமாகப் பார்க்கிற பாசிகளுக்கு நடுவே, ஓரம் மட்டும் சீப்புப் பல் மாதிரி வரிவரியாக ஒன்று கிடந்தது. என் குறிப்புகள் எதிலும் அது இல்லை. வரைந்தேன், அளந்தேன், மறுபடி பார்த்தேன். நிமிர்ந்தபோது மணி நாலரை, அறையில் யாரும் இல்லை, வாட்ச்மேன் விளக்கை அணைக்க நின்றுகொண்டிருந்தார். பிரித்தி, அந்த ஆறரை மணி நேரத்தில் அவன் எனக்கு ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை. வலிகூடத் தெரியவில்லை. அவன் பிறந்ததிலிருந்து நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

அன்று போன் செய்தபோது அத்தை பெருமையாகச் சொன்னார்கள், இன்றைக்கு அழவே இல்லை என்று. வெள்ளிக்கிழமை நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அத்தை இடுப்பில் இருந்தான். என்னைப் பார்த்தான். வரவும் இல்லை, அழவும் இல்லை. தெருவில் போகும் யாரையோ பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அத்தையின் தாலிச் சரட்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டான். "பாத்தியா, ஒண்ணும் ஆவல. நிம்மதியா போய்ட்டு வா" என்றார்கள் அத்தை. இப்போது என்னிடம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறான், ராத்திரி என் மேல்தான் தூங்குகிறான். இருந்தாலும் நான் பார்த்ததைப் பார்த்துவிட்டேன். அவனையும் பார்த்தேன், என்னையும் பார்த்தேன்.

நீ அனுப்பிய அந்த விடுதி அறையின் படத்தை நான் இன்னும் அழிக்கவில்லை. ஒரு கட்டில், ஒரு மேஜை, ஜன்னல். அதை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்று உன்னிடம் சொல்ல மாட்டேன்.

அதனால் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அந்தப் பூஜ்யத்தோடு நான் வரமாட்டேன். மார்த்தா அம்மாவுக்கு எழுத உட்கார்ந்து பதினோரு தடவை அழித்துவிட்டேன். ஆங்கிலத்தில் எழுதினால் ஒவ்வொரு வாக்கியமும் ஏமாற்றுக்காரி எழுதியதுபோல இருக்கிறது. ஏழாம் மாத வயிற்றை மேஜைக்குக் கீழே வைத்துக்கொண்டு தனியாக வருகிறேன் என்று ஏன் சொன்னேன் என்பதை அவர்கள் பாஷையில் எப்படிச் சொல்வது? நீ நகரியில் பிறந்தவள். தொட்டில் ஏன் முன்னாலேயே வாங்குவதில்லை என்று உனக்குத் தெரியும். நீ அவர்கள் எதிரே உட்கார்ந்து சொன்னால் புரியும். எனக்காகத் திங்கட்கிழமையே போய்ப் பேசுவாயா? எனக்குப் பரிந்துரை எழுதியவள் நீ. உன் பெயருக்கும் இதனால் கெடுதல் வருமோ என்று நினைத்தால் தூக்கம் வருவதில்லை. அவள் மறைத்தது எனக்குத் தெரியாது, இப்போதுதான் சொன்னாள் என்று சொல். அது உண்மையும்கூட.

அந்தக் கட்டத்தில் ஒன்று என்று எழுதச் சொல். பெயர் யஸ்வந்த், பதினான்கு மாதம். திருமலையில் மொட்டை போட்டு மூன்று மாதம்தான் ஆகிறது, முடி இப்போதுதான் வளர்கிறது. படம் கேட்டால் அனுப்புகிறேன்.

பொய் சொன்னவளுக்கு இடம் இல்லை என்று அவர்கள் சொன்னால், அதை அப்படியே எனக்கு எழுது. தாங்கிக்கொள்வேன். பிள்ளையோடு வா, வேறு வீடு பார்த்துத் தருகிறோம் என்றால் உடனே போன் செய், எந்த நேரமானாலும் பரவாயில்லை, ஸ்பீக்கரில் போட்டே கேட்கிறேன், வீடே கேட்கட்டும்.

ஆனால் மூன்றாவதாக ஒன்று சொல்லவும் கூடும். பிள்ளை இருப்பது இருக்கட்டும், ஒப்பந்தப்படி ஒருவருக்குத்தான் இடம், தனியாக வருவதானால் வா என்று. அப்படிச் சொன்னால் மட்டும் அதை எனக்குச் சொல்லாதே. இடம் வேறொருவருக்குப் போய்விட்டது என்று எழுது. ரகு கேட்டாலும், அத்தை கேட்டாலும், அடுத்த வருஷம் நீ ஊருக்கு வரும்போது நானே கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாலும் அதையே சொல். ஏன் என்று என்னை எழுதவைக்காதே.

நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும், உன் வேலை சிறக்க வேண்டும். உன்னைத்தான் நம்பியிருக்கிறேன்.

உன்
தரணி