பெரியவன் தந்த அமைதி

ஜனவரி 18, ஞாயிறு

வாய் மூடி இருந்தது போதும்.

நேற்றுப் பொங்கல் விழாவில் எங்கள் டென்மார்க் தமிழ்ச் சங்கத்தின் விழா மலர் கைக்கு வந்தது. என் கட்டுரை இருக்கிறது. அதன் கடைசிப் பகுதி இல்லை. உரோமர் கொடுத்த இருநூறு வருட அமைதி இருக்கிறது. கடலைக் கையில் வைத்திருந்த பிரித்தானியர் கொடுத்த நூறு வருட அமைதியும் இருக்கிறது. 1987இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த இந்திய அமைதிப்படை மட்டும் இல்லை. முதல் இரண்டையும் நான் எழுதியதே மூன்றாவதற்காக. ஊரடங்கில் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லாமல் அப்பா வீட்டிலேயே செத்ததைச் சொல்வதற்காக.

வெட்டியவர் சங்கத் தலைவர் சிறீஸ்கந்தராசா. சித்திரையில் அவருடைய மகன் நிதுஷனுக்கும் என் மகள் சாரங்காவுக்கும் கலியாணம்.

மனைவி யோகமலர் முன்கூட்டியே சொல்லிவிட்டாள்: "கலியாணம் முடியட்டும். பிறகு ஆரோடையும் கொழுவிச் சண்டை பிடியுங்கோ."

ஜனவரி 20, செவ்வாய்

தொழிற்சாலைக் கன்ரீனில் என்னோடு வேலை செய்யும் டேனிஷ்காரன் ஹென்னிங் சாப்பிடாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். டென்மார்க்கின் கிரீன்லாந்தை அமெரிக்கா கேட்கும் செய்தி. "எண்பது வருடம் எங்களைக் காத்தவன், இப்போது அந்தத் தீவைக் கேட்கிறான். நண்பன் இப்படிச் செய்வானா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் முகம் சுருங்கியது. காவல் நிற்பவன் கையில்தான் வீட்டுச் சாவியும் இருக்கும். நான் பதினைந்து வயதில் படித்ததை அவன் அறுபதில் படிக்கிறான் — பாவம். என் பிளாஸ்கிலிருந்து அவனுக்குக் கொஞ்சம் கோப்பி ஊற்றிக் கொடுத்தேன்.

ஜனவரி 24, சனி

தலைவருக்குப் போன் எடுத்தேன்.

"தம்பி, இப்பதான் இந்தியாக்காரக் குடும்பங்களும் சங்கத்துக்கு வருகினம். செல்வராஜ் எங்கட பிள்ளையளுக்குச் சனிக்கிழமையில தமிழ் படிப்பிக்கிறார். அவையின்ர மனம் நோகாதோ? பழசைக் கிளறாதையும்."

"நோகுமோ எண்டு அவையைக் கேட்டனீங்களோ?"

"உதெல்லாம் போய்க் கேக்கிறதே?" பிறகு ஒரு சிரிப்பு: "ரோமாபுரியோட நிப்பாட்டியிருக்கலாம். அங்க எங்களுக்குச் சொந்தக்காரர் இல்லை."

"ஓம் அண்ணை" என்று போனை வைத்துவிட்டேன். ஓமாம்! என்னத்துக்கு ஓம் சொன்னனான்? வரலாறு படிச்சு என்ன பிரயோசனம்?

ஜனவரி 25, ஞாயிறு

யோகமலர் பாடிக்கொண்டே சமைத்தாள். வீட்டில் அமைதி.

ஜனவரி 31, சனி

சங்க வாசலில் செல்வராஜ் பிடித்துக்கொண்டான்.

"சார், உங்க கட்டுரை திடீர்னு நின்னுடுச்சே. அடுத்து எங்க ஊர் ஆர்மிதானே வரணும்?"

இடம் போதவில்லை என்று மழுப்பினேன். பனிச்சேற்றைச் சப்பாத்தால் தேய்த்தபடி நின்றான்.

"எங்கப்பா அந்தப் படையில வந்தவர் சார். டிவியில யாழ்ப்பாணம்னு காட்டுனா எழுந்து போயிடுவார். சாகற வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லல. நீங்களாவது சொல்லுங்க."

இவனுடைய மனம் நோகும் என்றுதானே வெட்டினார்கள்! முப்பத்தெட்டு வருடமாக வெறுப்பதற்கென்று ஒரு முகத்தை வைத்திருக்கிறேன். இவன் அதற்குப் பொருந்தி வரவில்லை. அதற்கும் கோபம் வந்தது.

வெட்டிய பகுதியை அவன் போனுக்கு அனுப்பினேன். பின்னேரம் பதில் வந்தது: "படிச்சேன் சார். உங்கப்பா பேரு என்ன?"

நான் அதை எழுதவேயில்லை. 'என் தந்தை' என்றுதான் எழுதியிருந்தேன். பெயரில்லாக் கல்லறை கட்டிய கட்டுரைக்காரன் நான்!

பெப்ரவரி 1, ஞாயிறு

'என் தந்தை' என்ற இடத்தில் 'கதிரமலை' என்று போட்டேன்.

யோகமலர் பக்கத்தில் வந்து நின்று முழுவதும் வாசித்தாள். தடுக்கப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"மாமா தண்ணி கேட்டதையும் எழுதுங்கோ," என்றாள். குசினிக்குத் திரும்பும்போது, "உங்கட பேரை மட்டும் போடாதேங்கோ."

எழுதினேன்.

சங்கத்தின் முகநூல் குழுவில் பெயர் மறைத்துப் பதிய வழி இருக்கிறது. மறைத்தென்ன? டென்மார்க்கில் அப்பாவின் பெயர்தான் எங்கள் குடும்பப் பெயர். கலியாண அழைப்பிதழிலும் 'சாரங்கா கதிரமலை' என்று அச்சாகிவிட்டது. சிறீஸ்கந்தராசாவுக்கு உடனே விளங்கும். ஆனாலும் விளங்காதவர்போல வந்து என் வீட்டில் தேத்தண்ணி குடிக்கலாம். நானும் ஒன்றும் நடக்காததுபோல் சீனி போதுமோ என்று கேட்பேன்.

அவ்வளவு அமைதி நான் தருகிறேன். என் பெயர் போடாமல் இன்றே பதிகிறேன்.