போலீசுக்கு வந்த தண்ணீர்

அத்தை,

இன்று காலை ஒரு குடம் உடைந்தது. டேங்கரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தேன். வரிசையிலிருந்து உருண்டு வந்த பச்சைக் குடம் ஒன்று சக்கரத்துக்கு அடியில் போய்விட்டது. டப்பென்று ஒரு சத்தம். குடத்துக்காரம்மா திட்டித் தீர்த்தார். நான் வண்டியை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். அந்தச் சத்தத்தை இதற்கு முன்பும் கேட்டிருக்கிறேன். நீயும் கேட்டாய், போலீஸ் வேனின் கம்பி வலைக்குப் பின்னால் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டுத் திண்டுக்கல்லில் ஒரு தண்ணீர் வண்டிக்காரரிடம் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். அவர் தங்கை நீ மட்டும்தான், "என்ன மருமகனே, இன்னைக்கு எந்த வேலைய விட்டுட்டு வார?" என்று கேட்டுவிட்டுச் சோறு போடுவாய்.

ஒருநாள் காலையில் முதலாளி சொன்னார்: "அகரம் ரோட்டுல பந்தோபஸ்து. போலீசுக்குத் தண்ணி வேணுமாம். டவுன் தண்ணியா புடிச்சிட்டுப் போ. அந்தப் பக்கத் தண்ணி வாயில வைக்க முடியாது." எதற்குப் பந்தோபஸ்து என்று நான் கேட்கவில்லை. வளைவு திரும்பியதும் உன் பந்தல் தெரிந்தது. அதைச் சுற்றி எங்கே பார்த்தாலும் காக்கி.

அந்தத் தென்னங்கீற்றுப் பந்தலை ஆலைக்குப் போகும் பாதையில் நீங்கள் போட்டிருந்தீர்கள். தோல் பதனிடும் ஆலையின் கழிவு வாய்க்காலில் வந்து குளத்தில் சேர்ந்தது. குளத்திலிருந்து கிணறுகளுக்குள் இறங்கியது. கரைக்குக் கீழேயே இருந்ததால் உன் கிணறுதான் முதலில் போனது. தண்ணீர் டீத்தண்ணி நிறத்துக்கு வந்தது. வாளியை இழுத்தால் நுரை கட்டியது. மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆலையைக் கேட்டீர்கள், பஞ்சாயத்து ஆபீசைக் கேட்டீர்கள். குடிக்கவாவது ஒரு லாரித் தண்ணீர் விடுங்கள் என்றீர்கள். வண்டி இல்லை, நிதி இல்லை என்றார்கள். ஒவ்வொரு கோடையிலும் அதே பதில்தான். அதன் பிறகுதான் பந்தல் எழுந்தது. சாயங்காலம் நீ அதில் செபமாலை சொல்வாய். கூட உட்கார்ந்து உட்கார்ந்து முத்தாலம்மன் கோயில் பூசாரியின் மனைவிக்கே அது மனப்பாடமாகிவிட்டது.

நான் வண்டியை நிறுத்தியதும் நீ எழுந்து வந்தாய்.

"ஏலே, நீயா? இது யாருக்குக் கொண்டாந்த தண்ணி?"

"போலீசுக்கு அத்த."

நீ டேங்கரைப் பார்த்தாய். வேன்களைப் பார்த்தாய். பிறகு இன்ஸ்பெக்டரிடமே நேராகப் போனாய்.

"ஏன் சார், நாங்க கேட்டப்ப வண்டி இல்லன்னாங்க. ஒங்களுக்கு ஒரே ராத்திரியில வந்துருச்சே. எங்க கெணத்துத் தண்ணியக் குடிக்க வேண்டியதுதான?"

"அம்மா, மேல இருந்து உத்தரவு. பன்னெண்டு மணிக்குள்ள பாதை காலியாகணும். எனக்கு வேற எதுவும் தெரியாது."

"அப்ப எனக்குத் தெரிஞ்சதக் காட்டுறேன்" என்றாய். ஒரு வாளித் தண்ணீரை உன் கிணற்றிலிருந்து தூக்கி வந்து அவர் பூட்சுக்கு முன்னால் தார் ரோட்டில் ஊற்றினாய். நுரை நின்றது. போலீஸ்காரர்கள் லத்திகளைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார்கள்.

நேரம் வந்ததும் கீற்றைப் பிடுங்கினார்கள். ஆண்களைத் தரதரவென்று இழுத்தார்கள். பூசாரிக்கு நெற்றி கிழிந்தது. பெண் போலீசார் உங்கள் பக்கம் வந்தபோது நீ, "தொடாத தாயி, நானே வாரேன்" என்றாய். வேனில் ஏறுவதற்கு முன் உன் நீலக் குடத்தை, அதுவரை நீ உட்கார்ந்திருந்த இடத்தில் வைத்தாய். அதைப் பார்த்து அடுத்தவர் வைத்தார். அதற்கடுத்தவரும் வைத்தார். பாதைக்குக் குறுக்கே குடங்கள் வரிசையாக நின்றன. வேனுக்குள்ளிருந்து நீ கத்தினாய்: "எங்க எடம் பிடிச்சாச்சு சார்! வந்து உக்காந்துக்குறோம்!"

குழாயடியில் வளர்ந்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும். ஆள் எங்கே போனாலும் குடம் இருந்தால் இடம் அவருடையது. அடுத்தவர் குடத்தை யாரும் நகர்த்த மாட்டார்கள். நகர்த்தினால் தலைமுடி மிஞ்சாது. குனிந்து எடுக்கப் போன ஒரு பெண் போலீஸ் அப்படியே நின்றுவிட்டார். தொப்பம்பட்டிப் பக்கத்துக் கொங்குப் பேச்சு அவருக்கு. "ஏனுங்க்கா, வரிசையில வெச்ச கொடத்தை எப்படிங்க எடுக்கறது?" என்று தன் மேலதிகாரி அம்மாவிடம் கேட்டார். அந்த அம்மாவும் எடுக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, வண்டிய ஏத்துடா."

"முடியாது சார்."

"என்ன?"

"அது எங்க அத்த கொடம் சார்."

காதோடு சேர்த்து ஒன்று விழுந்தது. விழுந்த வேகத்தில் யோசனை எல்லாம் போய்விட்டது. வண்டியைவிட்டு இறங்கினேன். ஹோஸைப் பிரித்தேன். வால்வைத் திறந்து உன் குடத்தை நிரப்பினேன். நிறைகுடத்தின் மேல் வண்டியை ஏற்ற எவனுக்கும் மனசு வராது என்று நினைத்தேன். இரண்டாவது குடமும் நிறைந்தது. மூன்றாவதில் பாதிதான். சட்டையைப் பிடித்து இழுத்து உன் வேனிலேயே என்னையும் ஏற்றினார்கள். போலீஸ் டிரைவர் ஒருவர் என் டிராக்டரில் ஏறினார். அவர் குடங்களைப் பார்க்கவில்லை, நேராகவே பார்த்துக்கொண்டு ஓட்டினார். டப், டப், டப்.

நான் அழுதேன். நீ என் தலையில் குட்டினாய்.

"எதுக்குடா நெரப்புன? வெறுங்கொடமா இருந்தா நசுங்கிக் கெடந்திருக்கும். நீ நெரப்பி வெடிக்க வச்சுட்ட."

அந்த வேனில் முதலில் சிரித்தது நெற்றியில் ரத்தம் வழிய உட்கார்ந்திருந்த பூசாரிதான்.

எல்லோரையும் டவுனில் ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்தார்கள். தக்காளிச் சோறு, ஊறுகாய், தண்ணீர் பாக்கெட். எல்லாம் அரசாங்கச் செலவு. அதைவிட மண்டபத்துக் குழாயில் நல்ல தண்ணீர் வந்தது. பெண்கள் குடித்தார்கள், முகம் கழுவினார்கள், கடைசியில் தலைக்கே குளித்துவிட்டார்கள். ஈரத்தலையோடு ஒருத்தி கேட்டாள்: "நாளைக்கும் மறியல் பண்ணுவமாக்கா?" நீ மட்டும் சிரிக்கவில்லை. விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாய். வேன், டேங்கர், மண்டபம், சோறு, தண்ணீர். "இம்புட்டு வண்டிக்கு டீசல் போட்டவங்களுக்கு, அந்தக் கழிவ நிறுத்த ஒரு ஆளு அனுப்ப ஏலலையே" என்றாய். யாரிடமும் இல்லை, சோற்றுப் பொட்டலத்தைப் பார்த்துச் சொன்னாய்.

இருட்டுவதற்குள் விட்டுவிட்டார்கள். பந்தல் இருந்த இடத்தில் போலீஸ் கூடாரம் இருந்தது. நீங்கள் திரும்பி வந்து உட்காராமல் பார்த்துக்கொள்ள. அவர்களுக்குத் தினமும் டேங்கர் வந்தது. முதலாளி என்னை விரட்டிவிட்டதால் வேறு ஆள் ஓட்டினான். மிச்சத் தண்ணீரை ஊருக்கு விட்டார்கள். குடங்கள் கூடாரத்துக்குப் பின்னால் வரிசை கட்டின. பிறகு கூடாரத்தை எடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. ஊரே கலங்கிவிட்டது. போலீஸ் போனால் தண்ணீரும் போகும். உன் வாசலுக்கு வந்தார்கள்.

"அக்கா, ஒரு மணி நேரம் கொடிய பிடிச்சு உக்காருவோம். இவிங்க இன்னும் ஒரு மாசம் இருப்பாங்க."

நீ வெளக்குமாற்றைக் கையில் எடுத்தாய்.

"ஏண்டி, போலீச இருக்க வைக்கவா நாம அடிபட்டோம்? நான் வெறும் லாரியவா கேட்டேன்? என் கெணத்தக் கேட்டேன்!"

அவர்கள் உட்கார்ந்தார்கள். கூடாரம் நீடித்தது. நீ மட்டும் அந்த வரிசையில் குடம் வைக்கவில்லை. சின்னாளபட்டி ரோடு வரை நடந்து போய்த் தண்ணீர் சுமந்தாய். தினமும் காலையில் உன் கிணற்றில் ஒரு வாளி இழுத்து, கூடாரத்துக்கு முன்னால் தார் ரோட்டில் ஊற்றினாய். போலீஸ்காரர்கள் முதலில் மிரட்டினார்கள். பிறகு கேலி செய்தார்கள். பிறகு நீ வருவதைப் பார்த்ததும் செருப்பை ஓரமாக நகர்த்திவைத்தார்கள். நானும் சண்டை போட்டேன். "யாரு பாக்குறா அத்த இத?" என்றேன். "நீ பாக்குறியே" என்றாய்.

கூடாரம் ஒருநாள் போனது. டேங்கர் பஞ்சாயத்துக் கணக்கில் நிலைத்துவிட்டது. ஆலையும் நிலைத்துவிட்டது. நீதான் போய்விட்டாய். சிறுநீரகம் என்றார் டாக்டர். எதனால் என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் எழுதித் தரச் சொல்லிக் கேட்கவில்லை. முந்தாநாள் உன் முதலாண்டுப் பூசை. அப்பா கோயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பேசினார்.

இப்போது இந்த ஊருக்கு டேங்கர் ஓட்டுவது நான்தான். சிரிக்காதே.

இன்று குடம் உடைந்ததும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன் என்றேன் இல்லையா? பிறகு இறங்கி உன் கிணற்றுக்குப் போனேன். கயிறு இற்றுப்போயிருந்தது. வண்டிக் கயிற்றைக் கட்டி ஒரு வாளி இழுத்தேன். அதே நிறம். அதே வாடை. தூக்கிக்கொண்டு வந்து, பந்தல் இருந்த இடத்தில் ஊற்றினேன்.

"என்னலே, ஒங்கத்த கிறுக்கு ஒனக்கும் வந்துருச்சா?" என்று வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. சிரித்தார்கள். நுரை தாரில் செத்த நேரம் நின்றது. குடம் உடைந்த அந்த அம்மாதான் முதலில் வந்து பார்த்தார். அவருக்குத்தான் வரிசையில் காத்திருக்கக் குடம் இல்லையே. பிறகு இன்னொருத்தி வந்தாள். தன் குடத்தை வரிசையிலேயே விட்டுவிட்டு வந்தாள். இடம் எங்கே போய்விடப் போகிறது? குனிந்து மோந்து பார்த்தாள். முகம் மாறியது.

"நாளைக்கும் ஊத்துவியா?" என்று கேட்டாள்.

"ஊத்துவேன்."

"எத்தன மணிக்கு?"

சொன்னேன், அத்தை.