கிளட்ச் இல்லாத வண்டி

11 ஏப்ரல் 1993, ஞாயிறு

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, கார் ஓட்டும்போது என் இடது காலை மடக்கி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்வதென்று இன்று முடிவு செய்தேன். குடும்பத்தாருக்கும் முறைப்படி தெரிவித்துவிட்டேன்.

காரணம், தங்கை ஹபீபுன்னிசாவின் கணவர் சேக் முகைதீன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து இறக்கியிருக்கும் ஜப்பான் கார். அதற்கு கிளட்ச் கிடையாது. கியரை அதுவே மாற்றிக்கொள்ளும். எங்கள் வியாபாரத்துப் பேண்டேஜ் துணி ஏற்றுகிற வேனில் பல வருடம் கிளட்ச் மிதித்துப் பழகிய என் கால், தேடிப் பார்த்துவிட்டு பிரேக்கை மிதித்தது. பின்சீட்டில் இருந்த ஹபீபு முன்சீட்டுக்கு வந்துவிட்டாள்.

13 ஏப்ரல்

மாப்பிள்ளை இந்தத் தடவை திரும்பிப் போவதாக இல்லை, இங்கே ஒரு பிழைப்பு அமைந்தால். ஜூன் கடைசிவரை வேலையைக் காலியாக வைத்திருப்பதாக கம்பெனி சொல்லியிருக்கிறதாம். ஹபீபு இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. பேசினால் கலைந்துவிடும் என்று பயப்படுகிறாள் போல.

பிழைப்பு இதுதான்: காளிராஜிடம் சக்கரம் வைத்த பெரிய ஜெனரேட்டர் இருக்கிறது. கரண்ட் நிற்காத கல்யாணம் இந்த வட்டாரத்தில் இல்லை. இதுவரை டிராக்டரில் இழுத்துப் போனான். இனிமேல் காரில் இழுப்பது, கூட்டு வியாபாரம்.

"டிராக்டர் போய்ச் சேருறதுக்குள்ள பொண்ணுக்கு வளைகாப்பு வந்துரும்லே," என்றார் மாப்பிள்ளை.

காளிராஜ் காருக்குள் தலையை விட்டுப் பார்த்தான். "கிளட்சே இல்லையா மொதலாளி? அப்பொறம் எதுதான் தேயும்?"

"ஒண்ணும் தேயாது."

தேய்வதற்கு ஒன்றுமில்லாத இயந்திரம் என்று மூவரும் ஒருமனதாகத் தீர்மானித்தோம். மூவரில் எவரும் அதைத் திறந்து பார்த்ததில்லை.

25 ஏப்ரல்

முதல் சவாரி, ஸ்ரீவில்லிபுத்தூர் கல்யாணம். கார் முனகாமல் இழுத்தது. மண்டபத்தில் மணமக்களைவிட காரைச் சுற்றித்தான் கூட்டம். ஒருவர் எனக்கே மாலை போட வந்தார்.

ஹபீபு மாப்பிள்ளையின் சூட்கேஸைக் கட்டிலுக்கடியிலிருந்து எடுத்து பரணில் ஏற்றிவிட்டாள். கல்யாணமான நாள்முதல் அது பரணைப் பார்த்ததில்லை.

9 மே

இரண்டு கோயில் கொடை விழா, ஒரு பூப்பு நீராட்டு. மாப்பிள்ளை விசிட்டிங் கார்டு அடிக்கக் கொடுத்திருக்கிறார். நான் பிழை திருத்தினேன்.

26 மே

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

கூமாப்பட்டியில் பொன்னுராஜ் வீட்டுக் கல்யாணம். மகாராஜபுரம் தாண்டியதும் ரோடு முழுக்க ஜல்லி. அக்கினி வெயில். நடக்கிற வேகம்தான். மாப்பிள்ளை கியர்க் கம்பியைக் கீழே, சின்ன கியருக்கு இழுத்தார். இஞ்சின் ஓலமிட்டது.

"வண்டி கத்துது மொதலாளி, தாங்காது! மேல போடுங்க," என்றான் காளிராஜ்.

நானும் சொன்னேன். நம் ஊரில் கத்துகிற இஞ்சின் என்றால் வேதனைப்படுகிற இஞ்சின். மாப்பிள்ளை எங்கள் மனம் கோணாமல் மேலே போட்டார். சத்தம் நின்றது. அப்பாடா என்று இருந்தது. செத்த நேரத்தில் தீய்ந்த வாடை. அடியில் சிவப்பாக எண்ணெய் சொட்டியது. இஞ்சின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை.

கல்யாண வீட்டு டிராக்டர் வந்து ஜெனரேட்டரை இழுத்துப் போனது. பிறகு காருக்காகத் திரும்பி வந்தது, பொன்னுராஜே ஏறி வந்தார், பட்டு வேட்டியோடு.

"செத்த ஆறட்டும், பாப்பம்," என்றார் மாப்பிள்ளை.

"நம்ம வீட்டு விசேசத்துக்கு வந்த வண்டிய ரோட்டுல போட்டுட்டு நாங்க சோறு திங்கவா? நல்லாருக்குண்ணே நியாயம்!"

கயிறு கட்டினார்கள். ராஜபாளையம்வரை, வீட்டு வாசல்வரை இழுத்து வந்து விட்டார்கள். பந்திச் சாப்பாட்டைத் தூக்குவாளியில் கொடுத்தார்கள். வழியெல்லாம் மாப்பிள்ளை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, தெரிந்தவர்களுக்கு சலாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

30 மே

மதுரையிலிருந்து மெக்கானிக் வந்தார். வெளிநாட்டுக் கார் பார்ப்பவர். கியர்பாக்ஸைத் திறந்ததும் அவர் கேட்டது, "கயிறு கட்டி இழுத்தீங்களா?"

"ஆமா. ரொம்ப மரியாதையா."

சூடு ஆறியிருந்தால் எண்ணெய் மாற்றி ஓட்டியிருக்கலாமாம். இஞ்சின் நின்றுவிட்டால் உள்ளே எண்ணெய் ஏறாதாம். அந்த நிலையில் பின்சக்கரம் உருண்டால் பல்லெல்லாம் வெறுமனே அரைபடுமாம். முதலில் பாரம் சுட்டது; சின்ன கியரில் கத்தவே விட்டிருந்தால் அதுவும் இல்லையாம். மிச்சத்தை நல்ல மனுஷர்கள் முடித்தார்கள். யாரைக் குறை சொல்ல? பொன்னுராஜுக்கு நன்றி சொல்லி ஆள் வேறு அனுப்பியிருக்கிறோம்.

இந்தக் கியர்பாக்ஸ் மதுரையில் இல்லை. மெட்ராஸிலும் இல்லை.

2 ஜூன்

காளிராஜ் டிராக்டருக்கே திரும்பிவிட்டான். சொல்ல வந்தவன் நெடுநேரம் மழையைப் பற்றிப் பேசினான்.

8 ஜூன்

நேற்று ராத்திரி அடுத்த அறையில் மாப்பிள்ளைக்கும் ஹபீபுக்கும் பேச்சு. கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

"நானே போயி கியர்பாக்ஸ் ஒண்ணு வாங்கி அனுப்புதேன்."

"அனுப்புவீகளா, கொண்டாருவீகளா?"

"ரெண்டும் ஒண்ணுதான புள்ள."

"ஒண்ணில்ல. காரு கோழிக்கூடா கெடந்தாலும் எனக்குச் சம்மதம். நீங்க இங்கன இருங்க."

"கோழிக்கூட்ட வச்சு எம்புட்டு நாள் சாப்பிட?"

என் துணி வியாபாரத்தில் ஒரு இடம் கொடுத்தால் மாப்பிள்ளை வருவாரா? காலையில் அவரிடமே கேட்டேன். சிரித்தார். "மச்சான், அங்க நான் சூப்பர்வைசர். இங்க ஒங்க தங்கச்சி மாப்பிள்ளையா நிக்கணும்."

உண்மைதான்.

27 ஜூன்

மாப்பிள்ளையை ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டேன், துணி வேனில். ஹபீபு வரவில்லை.

6 மார்ச் 1994

கியர்பாக்ஸ் வந்து சேர்ந்தது, மரப்பெட்டியில், வைக்கோல் அடைத்து. மதுரைக்காரர் வந்து மாட்டினார். கார் நன்றாக ஓடுகிறது. மாப்பிள்ளை அங்கே இன்னும் மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.