இடது கண்ணில் மூன்று புள்ளி

மார்ச் 4, செவ்வாய்

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "பூஞ்சை பிடிக்கிற அந்தக் கேமராவை வெச்சு நாலு பேருக்கு உபகாரம் பண்ணக் கூடாதா?" என்று அக்கா கேட்டாள். யாராவது கேட்டால் செய்வேன் என்று சொல்லித் தொலைத்தேன். கேட்க ஆளைத் தயாராக வைத்திருக்கிறாள். கண் இழந்தவர்களுக்கு இலவசமாகச் செயற்கைக் கண் செய்து தரும் அறக்கட்டளையாம். ஆண்டறிக்கைக்குப் படம் வேண்டுமாம். சனிக்கிழமை ஒரு மணி நேரம். அதற்கு மேல் ஒரு நிமிஷம் கிடையாது.

மார்ச் 8, சனி

ஆறு மணி நேரம் இருந்தேன்.

மாடியில் இரண்டு அறை. ஒன்றில் பிரஷர் குக்கர் — அதில் கண் வேகிறது! கோலிக்குண்டு மாதிரி உருண்டையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. சிப்பி மாதிரி வளைந்த அக்ரிலிக் ஓடு. அதில் கருவிழி வரைகிற ஓவியருக்கு என் வயதுதான் இருக்கும். அந்தப் பெண் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. "கேமரா, வெளிச்சத்தை மறைக்காதீங்க" என்றார்.

பிறகு சிவப்புப் பட்டு நூல் ஒன்றை எடுத்துப் பிரித்தார். பிரித்ததை இன்னும் பிரித்தார். எதற்கு என்று கேட்டேன். "வெள்ளை விழியில நரம்பு ஓடுதில்ல? அதுக்கு." மூச்சை அடக்கிக்கொண்டு ஒவ்வொரு இழையாக வளைத்து வைத்தார். நானும் மூச்சை அடக்கிக்கொண்டேன். தொழிற்சாலையில் உலோக வார்ப்பில் விரிசல் தேடிப் படமெடுப்பதுதான் என் வேலை. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு எனக்குப் பழக்கம். ஆனால் அதற்கு இயந்திரம் வேண்டும். இவர் வெறுங்கையால் செய்கிறார்.

படம் எடுக்க மறந்துவிட்டேன். ஆமாம், நான்தான்.

மார்ச் 9, ஞாயிறு

குளியலறைக் கண்ணாடியில் என் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா கதவைத் தட்டி, "உள்ளே உயிரோட இருக்கியா?" என்றாள்.

மார்ச் 12, புதன்

ஓவியர் கூப்பிட்டார். வழக்கமாக ஆளை மூன்று நாள் எதிரே உட்காரவைத்து, நல்ல கண்ணைப் பார்த்துப் பார்த்து மற்றதை வரைவார். இப்போது ஒரு அம்மாவுக்கு அவ்வளவு லீவு இல்லை. தபால் அலுவலகத்தில் வேலை. இங்கே அவருக்குப் பெயர் போஸ்டக்கா. விபத்தில் வலது கண் போன பிறகு, பார்சல் கவுண்டரை விட்டுப் பின்னறைக்குத் தானே கேட்டு மாறிக்கொண்டாராம். இப்போது கவுண்டர் காலி. வருகிறேன், வரவில்லை என்று இருபதாம் தேதிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். "உங்க லென்ஸால அந்த நல்ல கண்ணை எடுத்துக் குடுங்க கேமரா. படத்தைப் பார்த்தே வரைஞ்சுடறேன்."

மார்ச் 13, வியாழன்

போஸ்டக்கா வேலை முடிந்து வந்தார். "இமைக்காதீங்க" என்றேன். "இருக்கிறதே ஒண்ணு. அதையும் இமைக்கக் கூடாதா தம்பி?" சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தேன். அவரே சிரித்தார். பிறகு சொன்னார்: "கவுண்டர்ல உட்கார்ந்தா ஒண்ணு அந்தக் குழியையே பார்ப்பாங்க, இல்ல மேசையைப் பார்த்துப் பேசுவாங்க. அதான் எந்திரிச்சுப் போயிட்டேன்."

வீட்டுக்கு வந்து படத்தைத் திரை முழுக்கத் திறந்தேன். அடேயப்பா! பழுப்பு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். விளிம்பில் சாம்பல், உள்ளே தேன், நடுவில் துருவேறிய செம்பு. இழைமேல் இழை ஏறி, பிரிந்து, சின்னச் சின்னக் குழிகளைச் சுற்றிக்கொண்டு ஓடுகிறது. சட்டைப் பொத்தான் அளவு இடத்தில்! நாலு வருஷமாக நுண்ணோக்கியோடு குடும்பம் நடத்துகிறேன். இப்படி எதையும் பார்த்ததில்லை.

லென்ஸ் தூசியை அழித்து, விளக்கின் மஞ்சளை எடுத்து, அனுப்பிவிட்டேன். "இது தங்கம்" என்று பதில் வந்தது. தரையில் கால் நிற்கவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

எப்படி எழுதுவது?

கண்ணைப் பொருத்தினார்கள். போஸ்டக்கா கண்ணாடியை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லா இருக்கும்மா. பொம்மைக்கு வெச்ச மாதிரி நல்லா இருக்கு." கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தார். "பரவாயில்ல. பின்னறையில தபாலா என்னைப் பார்க்கப் போகுது? கவுண்டர் வேணாம்னே எழுதிடறேன்."

ஓவியரின் முகம் செத்துவிட்டது. "என் கைதான் தப்பு."

நான் கேமரா வழியாக இரண்டு கண்ணையும் பார்த்தேன். இடது கருவிழியின் அடியில் மூன்று பழுப்புப் புள்ளி. அய்யோ. அது தூசி இல்ல. அவங்க கண்ணுல இருக்கிறது. நான் எடுத்த மஞ்சளும் விளக்கோடது இல்ல, அவங்க வெள்ளை விழியோடது. நிறம் சரிபார்க்கிற சாம்பல் அட்டையை வெச்சு முதல்ல ஒரு படம் எடுத்தேனே, அதை வெச்சு அளக்க ரெண்டு நிமிஷம் ஆகியிருக்குமா? அவசரம். எல்லாத்துலயும் அவசரம்.

"தப்பு என்னோடது. தூசின்னு அழிச்சேன்" என்றேன்.

"கண்ணைத் துடைச்சா குடுத்தீங்க?" ஓவியரின் குரலில் சூடு ஏறியது. "அசல் படமாவது இருக்கா?"

"இருக்கு."

"வியாழன் மத்தியானம் வாங்கக்கா. கடிதத்தை அதுவரைக்கும் குடுக்காதீங்க." என் பக்கம் திரும்பவே இல்லை.

மார்ச் 19, புதன்

லீவு போட்டேன். மேலாளர் காரணம் கேட்டார், "கண்" என்றேன்.

ஓவியர் ஓட்டின் மேல்பூச்சை அரைத்து எடுத்துவிட்டார். முதலிலிருந்து எல்லாம். இந்த முறை அட்டையை வைத்து அளந்து, இடதை வலதாகத் திருப்பிப் படத்தைத் திரையில் போட்டேன். மத்தியானம் வரை அவர் என்னோடு பேசவில்லை. வெள்ளையில் மஞ்சளைத் தடவியபோது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "அதிகமா போகுதே?"

"நாப்பத்திரண்டு வயசுக் கண்ணு கேமரா. பால் குடிக்கிற குழந்தைக் கண்ணு மாதிரியா இருக்கும்?"

அப்பாடா, பேசிவிட்டார்.

புள்ளிகளைத் துல்லியமாக அதே இடத்தில் வைக்க அளவு சொன்னேன். வேண்டாம் என்றார். "ரெண்டு கண்ணும் அக்கா தங்கச்சி மாதிரி இருந்தா போதும். ரெட்டைப் பிள்ளையா இருக்க வேணாம்." ஒன்று. இரண்டு. மூன்றாவது புள்ளி விழுந்ததும் அந்த ஓடு என்னைப் பார்த்தது. சத்தியமாகப் பார்த்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

"பயந்துட்டீங்களா?"

"ஆமா."

"எனக்கும் ஒவ்வொரு தடவையும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுத் தூரிகையைக் கழுவப் போனார்.

மார்ச் 20, வியாழன்

அரை மணி அனுமதியில் ஓடி வந்தார் போஸ்டக்கா. பொருத்தியதும் கண்ணாடி. முகத்தை இடப்பக்கம் திருப்பினார், வலப்பக்கம் திருப்பினார். குக்கர் மட்டும் சீறிக்கொண்டிருந்தது. கைப்பையிலிருந்து மடித்த கடிதம் ஒன்றை எடுத்து நாலாகக் கிழித்தார்.

"வெள்ளைத்தாள் ஒண்ணு இருக்கா? அப்படியே பேனாவும் குடு தம்பி."

மார்ச் 29, சனி

இன்று மூன்று பேருடைய கண்கள். ஒன்று பச்சை கலந்தது. என்னத்தைச் சொல்ல!

ஏப்ரல் 7, திங்கள்

பழுதான லென்ஸை அனுப்புகிற சாக்கில் தபால் அலுவலகம் போனேன். பார்சல் கவுண்டரில் நீண்ட வரிசை. எனக்கு முன்னால் ஒரு ஆள் பெட்டியை நீட்டினார்.

"இந்தக் கட்டு வாசப்படி தாண்டாதுங்க. நல்லா ஒட்டிட்டு வாங்க."

"போன வாரம் இதே மாதிரிதாங்க எடுத்தாங்க!"

"போன வாரம் எடுத்தவர்கிட்டயே குடுங்க."

அந்த ஆள் கவுண்டர்மேல் கையூன்றி, போஸ்டக்காவின் முகத்தை நேருக்கு நேர் பார்த்து, முழுசாக ஐந்து நிமிஷம் சண்டை போட்டார். சட்டம் பேசினார், மேலதிகாரியைக் கூப்பிடு என்றார். மேசையை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. போஸ்டக்காவும் விடவில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒட்டுகிற டேப்புக்காக நடக்கிற ஒரு சண்டைக்கு!

"அடுத்து! அட, தம்பியா?" என் பெட்டியைத் தூக்கிக் குலுக்கினார். "இதுவும் ஆடுது. போய் ஒட்டிட்டுக் கடைசியில வந்து நில்லுங்க."

ஒட்டிக்கொண்டு வந்து நின்றேன். எனக்கு முன்னால் பதினோரு பேர். ஒருத்தரும் அந்த முகத்தை உற்றுப் பார்க்கவில்லை. எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.