வளைகாப்புக்குப் போன பேரிக்காய் கிறிஸ்ப்

பொகவந்தலாவை
12.8.1957

அன்புள்ள மகன் சூசைரட்ணத்துக்கு,

உன் மனைவி வடிவின் வளைகாப்புக்கு நான் அனுப்பிய பேரிக்காய் கிறிஸ்ப்பில் மாட்டுக் கொழுப்பைக் கலந்தேன் என்று வட்டகொடையில் பேசிக்கொள்கிறார்களாம். மாடு தின்னாதவர்களுக்கு வேண்டுமென்றே ஊட்டினேனாம். பெற்றீசியா டீச்சர் வந்து சொன்னாள். இது தவறு. நான் போட்டது வெண்ணெய்.

எப்படிச் செய்தேன் என்று உன் மாமியாருக்கு வாசித்துக் காட்டு. பேரிக்காயைத் தோல் சீவி நறுக்கி, சீனி, கறுவாத்தூள், எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பிரட்டினேன். மேலே தூவுவதற்கு ஓட்ஸ், மா, சீனி, இடித்த கஜுப் பருப்பு. அவற்றைக் குளிர்ந்த வெண்ணெயோடு விரல் நுனியால் உதிர்த்தேன். பிசையக் கூடாது, பிசைந்தால் ரொட்டியாகிவிடும். கான்வென்டில் சிஸ்டர் கற்றுத்தந்த முறை.

உன் அப்பா இறந்து கிளாக்கர் வீட்டை விட்டு வந்த பிறகு என்னிடம் கேக் சுடுகிற போறணை கிடையாது. ஆகவே இரண்டையும் தனித்தனிப் பாத்திரத்தில் பங்களா சமையல்காரன் நல்லமுத்துவிடம் கொடுத்தனுப்பி, சுட்டுத் தரச் சொன்னேன். நான் கூடப் போகவில்லை. துரை பங்களாவுக்குள் சமையல்கட்டு வழியாக நுழைகிற பழக்கம் பெரிய கிளாக்கரின் மனைவிக்கு இல்லை.

வடிவு நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா?

உன் அம்மா,
பவுலின்


வட்டகொடை
17.8.1957

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை அத்தைக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

அன்று நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தட்டைத் தூக்கி வந்த பங்களா வாச்சர் ஆண்டியப்பன், எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு சிரித்துக்கொண்டே, "தொரைக்கு மாட்டெறச்சி வாட்டுற டின்னுல சுட்டதுங்க, அதான் இந்த வாசம்" என்றான். அத்தை லயத்து வீடுகளுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார். வடிவுக்கு ஊட்டிவிட்டதும் அத்தைதான். வயிற்றுப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அன்றிலிருந்து மாரியம்மனுக்கு விரதம் இருக்கிறார்.

ஆனாலும் உங்களைத் திட்டவில்லை. "சம்மந்தியம்மா வேணும்னு செய்யிற ஆளு இல்ல மாப்ள. தெரியாம நடந்துருச்சு, மன்னிச்சுக்கங்கன்னு வந்து ஒரு வார்த்த சொல்லட்டும். அது வரைக்கும் பொறக்கப்போற புள்ள அந்த வீட்டுப் படி ஏறாது" என்றார். வடிவும் அதைத்தான் சொல்கிறாள்.

நல்லமுத்துவிடம் கேட்டுப் பாருங்கள் அம்மா.

உங்கள் மகன்,
சூசை


பொகவந்தலாவை
24.8.1957

அன்புள்ள மகனுக்கு,

நல்லமுத்துவை வரவழைத்துக் கேட்டேன். வாசலில் நின்று தலையைச் சொறிந்தான். "ஒட்டாம இருக்க டின்னுக்கு எப்பவும் அந்தக் கொழுப்பத்தாங்கம்மா பூசுறது. வளைகாப்புக்குன்னு நீங்க சொல்லிவிடலீங்களே. வந்து நின்னிருந்தீங்கன்னா வெண்ணெயப் பூசியிருப்பேன்" என்கிறான். எனக்கே பாடம் சொல்கிறான்.

ஆக, பூசியது அவன். நான் எதையும் கலக்கவில்லை. இதை அங்கே தெளிவாகச் சொல். டின்னில் தடவிய கொழுப்புக்காக நான் லயத்து வாசலில் போய் நிற்க வேண்டுமா? படித்து ஆசிரியனான பிறகு நீ தோட்டத் தொழிலாளர் லயத்தில் பெண் எடுத்தாய். மாதா கோயிலில் பூசை வைத்து மந்திரிக்காமல் ரெஜிஸ்டர் பண்ணிக்கொண்டாய். அப்போதும் நான் ஒன்றும் சொல்லவில்லை என்பதை மறந்துவிடாதே.

புது மண்சட்டியில் வெண்ணெய் தடவி, மேலும் கீழும் தணல் போட்டு, என் கையாலேயே இன்னொன்று சுட்டு இத்துடன் அனுப்புகிறேன். கஜு கூடுதலாகப் போட்டிருக்கிறேன். அவர்களுக்கு அது போதும்.

அம்மா


வட்டகொடை
24.9.1957

அன்புள்ள அம்மாவுக்கு,

எழுதத் தாமதமாகிவிட்டது. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். நெற்றி உங்களுடையது என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

நீங்கள் அனுப்பிய சட்டியை அத்தை திறக்கவே விடவில்லை. "நான் பலகாரமா கேட்டேன்?" என்றார், அவ்வளவுதான். எறும்பு ஏறியதும் நான்தான் தேயிலைக்குள் கொண்டுபோய்க் கொட்டினேன். கொட்டுமுன் ஒரு பிடி தின்றேன். நன்றாக இருந்தது அம்மா. மேல் பகுதி மொறுமொறுப்பாகவே இருந்தது.

அக்டோபர் ஆறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பேர் வைக்கிறோம். காலை ரயிலில் வாருங்கள். ஸ்டேஷனில் நிற்பேன். வந்ததும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடுங்கள். "சொல்லிட்டாங்கன்னா மொதல்ல அவுங்க மடியிலதான் புள்ளயப் போடுவேன்" என்கிறார் அத்தை. எனக்காக வாருங்கள்.

சூசை


பொகவந்தலாவை
8.10.1957

மகன் சூசைரட்ணத்துக்கு,

ஞாயிற்றுக்கிழமை நான் ஹட்டன் ஸ்டேஷன் வரைக்கும் வந்தேன். டிக்கட்டும் எடுத்தேன். ரயில் வந்தது. ஏறவில்லை. முழங்கால் வலி என்று எழுதலாம், அது பொய்யாகும்.

கான்வென்டில் எடுத்ததற்கெல்லாம் 'சொரி' சொல்லப் பழக்கியிருந்தார்கள். அதை நான் யாரிடமும் சொல்வேன். சொல்வதால் ஒன்றும் குறைவதில்லை. உன் மாமியாருக்கு அது போதாது. அவர் கேட்கிற வார்த்தையை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் யாரும் இல்லாதபோதே வரவில்லை. உன் மாமியார் காளியாயியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி வரும்? இந்த வயதில் அது எனக்கு இனிப் படியாது.

ஆகவே பிள்ளையைக் கொண்டுவந்து காட்டச் சொல்லி நான் எழுதமாட்டேன். நீயும் என்னை அழைக்க வேண்டாம். வெயிலில் வெகுநேரம் நின்றிருப்பாய். அது மட்டும் மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

பேர் வைத்திருப்பீர்கள். மாதா பெயரா, அம்மன் பெயரா என்று நான் கேட்கப்போவதில்லை. ஆனால் என் பேத்தியின் பெயரை பஜாரில் யாரோ சொல்லி நான் தெரிந்துகொள்ளக் கூடாது. ஆள் மூலம் சொல்லியனுப்பாதே. உன் கையால் கடிதம் எழுதித் தெரியப்படுத்து.

பவுலின்